ஒளியே அளவுகோல்



நாட்டின் தொழில் வளர்ச்சியைக் கணக்கிடுங்கால் இரும்பு, மின்சாரம், போக்குவரத்து ஆகியவை முதலிடம் பெறுகின்றன. அவற்றையெல்லாம் அளக்கும் அளவுகோலைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஓர் ஊரில் செய்த போல்ட் மற்றோர் ஊரில் செய்த நட்டில் பொருந்த வேண்டுமாயின், இரண்டு ஊர்களிலும் மில்லிமீட்டர் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அந்த ஒருமைப்பாட்டை இன்று உறுதி செய்வது ஒளி.

1889 முதல் 1960 வரை, பாரிஸ் நகரையடுத்த செவ்ரேயில் பாதுகாக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் சட்டமே மீட்டருக்கு ஆதாரமாக விளங்கியது. 1960-இல் கிரிப்டான் அணு உமிழும் ஒளியின் அலைநீளம் அவ்விடத்தைப் பெற்றது. லேசர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். 1983-இல், வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458 மீட்டர் செல்கிறது என்பதே மீட்டரின் இலக்கணமாயிற்று.

அளக்கும் முறை எளிது. ஒரு லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நிலையான ஆடிக்கும், மற்றொன்றை நகரும் ஆடிக்கும் அனுப்புகிறார்கள். திரும்பி வந்து சேரும் கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து, ஒளியும் இருளும் மாறிமாறித் தோன்றுகின்றன. ஆடி அரை அலைநீளம் நகருந்தோறும் இம்மாற்றம் ஒருமுறை நிகழ்கிறது. 633 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஹீலியம்-நியான் லேசரில், ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,160 முறை எண்ணலாம்.

ஆயினும், கதிர் செல்லும் வழி கவனத்திற்குரியது. அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள கதிர் 100 மீட்டர் சென்றதும் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆரத்திற்கு விரிந்துவிடுகிறது. முதலிலேயே தொலைநோக்கி அமைப்பினால் அதைப் பத்து மடங்கு அகலமாக்கினால், விரியும் கோணம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. காற்றும் கணக்கைக் குலைக்க வல்லது. அதன் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால், ஒரு மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் பிழை நேரும். அளக்கப்படும் எஃகோ அதே ஒரு டிகிரியில் பதினொரு மைக்ரோமீட்டருக்கு மேல் நீளும். எனவேதான் 20 டிகிரி செல்சியஸ் என்ற பொது வெப்பநிலை உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் நிறைவேறியது. மீட்டரைப் பேணும் பொறுப்பு புதுடில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சார்ந்தது. அயோடின் ஆவியால் அலைநீளம் நிலைப்படுத்தப்பட்ட லேசர் அங்கு ஆதாரமாக உள்ளது. அதிலிருந்து அளவு ஆய்வுக்கூடங்களுக்கும், அவற்றிலிருந்து தொழிற்கூடங்களின் அளவுக் கட்டைகளுக்கும், மைக்ரோமீட்டர் கருவிகளுக்கும் துல்லியம் படிப்படியாக இறங்கி வருகிறது.

இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி சிறுதொழில். அங்கே மைக்ரோமீட்டர் கருவி தேய்ந்து பிழை காட்டினால், தொழிலாளியின் கைத்திறன் எவ்வளவு சிறந்ததாயினும், செய்த பொருள் முழுவதும் திருப்பி அனுப்பப்படலாம். அந்நட்டம் முதலீடு குறைந்தவரையே முதலில் தாக்கும். லேசர் கருவியை ஒவ்வொரு பட்டறையும் வாங்க இயலாது, வாங்கவும் வேண்டியதில்லை. அருகிலேயே, தாங்கக்கூடிய கட்டணத்தில், கருவிகளைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் வசதி இருத்தல் போதும். சாலையையும் பாசனக் கால்வாயையும் போல், துல்லியமும் பொது முதலீட்டால் அமைய வேண்டிய அடிப்படை வசதியே.

இதே ஒளியளவையின் உச்சநிலை மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் உருவாக உள்ளது. ஈர்ப்பலைகளை ஆராயும் லைகோ-இந்தியா திட்டத்திற்கு, 2,600 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. அங்கு லேசர் கதிர்கள் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரு வெற்றிடக் குழாய்களில் செல்லும். காற்றையே நீக்கி, புரோட்டானின் விட்டத்தைவிட மிகச் சிறிய அசைவையும் உணர்வது நோக்கமாகும்.

அத்தகைய பெருங்கருவிக்கு வேண்டிய துல்லியமும், சிற்றூர்ப் பட்டறையின் போல்ட்டுக்கு வேண்டிய துல்லியமும் ஒரே ஒளியிலிருந்து பிறப்பவை. முன்னதற்குக் காட்டும் ஊக்கம் பின்னதற்கும் கிட்டுமாயின், ஆய்வின் பயன் மக்களை முழுமையாகச் சென்றடையும்.