உப்புத் தோணி போன கால்வாய்



டெல்டா மாணவர்களிடம் கால்வாய் எதற்கு என்று கேட்டால் 'பாசனத்துக்கு' என்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை கடலோரமாகச் செல்லும் கால்வாயோ பாசனத்துக்காக வெட்டப்பட்டதன்று. வேதாரண்யம் உப்பளங்களின் உப்பைத் தோணியில் நாகைக்குக் கொண்டுசெல்ல, 1863 முதல் 1867 வரை வெட்டப்பட்டது. நீளம் சுமார் 57 கி.மீ.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து வந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதைப் பாடமாக நடத்துகிறோம். அந்த ஊர் உப்பு எந்த வழியாக வெளியூர் போனது என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டால், வரலாறும் புவியியலும் ஒரே பாடமாகிவிடும்.

ரயிலும் லாரியும் வந்தபின் உப்புத் தோணிகள் நின்றன. கால்வாயின் வேலை நிற்கவில்லை. அடப்பாறு போன்ற ஆறுகளின் வடிநீர் இதில் சேர்கிறது. இது தூர்ந்து கிடந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைமடைச் சம்பாப் பயிர் மூழ்கும். ஆகவே இது பழங்கதை அல்ல. நம் மாணவர்கள் வீட்டு நெல்லைப் பற்றியது.

மாவட்ட வரைபடத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆறுகளெல்லாம் கடலை நோக்கி ஓட, இது மட்டும் கடலுக்கு இணையாக ஏன் செல்கிறது என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து வரட்டும்.