கொடையும் அதன் நிபந்தனையும்: திறந்த மூல மென்பொருள் உரிமங்கள் பற்றி

(நூற்றாண்டு விழாக் கல்வி அமர்வில், பழைய மாணவிகள் சங்க நூலகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மென்பொருள் உரிமங்களைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்று அறிவித்ததும், "அது கம்பியூட்டர் படித்த பிள்ளைகளின் விஷயமல்லவா?" என்று மூத்த அக்கா ஒருவர் கேட்டார். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்துக்கு எமது நூலகம் கொடுத்த விலையிலிருந்தே தொடங்குகின்றோம்.

சில வருடங்களுக்கு முன்னர் எமது சங்கம் பணம் சேர்த்து, ஒரு நிறுவனத்திடம் நூலக மென்பொருள் ஒன்றை வாங்கிக் கல்லூரிக்கு அன்பளிப்புச் செய்தது. உயர்தர வகுப்பு மாணவிகள் பாடசாலை விட்ட பின்னரும் தங்கியிருந்து, நூற் பதிவேட்டைப் பார்த்து மூன்று வருடங்களாகப் பதிவுகளைத் தட்டச்சுச் செய்தனர். ஒரு மாரி காலத்தில் அந்தக் கணினி பழுதாயிற்று. புதிய கணினியில் மென்பொருளை நிறுவ முயன்றபோது அது இரகசிய இலக்கம் ஒன்றைக் கேட்டது. நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தால் அந்த இலக்கம் பாவனையில் இல்லை. நிறுவனமே மூடப்பட்டிருந்தது. பதிவுகள் பழைய வன்தட்டில் பத்திரமாக இருந்தன. ஆனால் அந்த மென்பொருளைத் தவிர வேறெதனாலும் அவற்றை வாசிக்க முடியவில்லை. மிஞ்சியது, ஒரு மாணவி பாமினி எழுத்துருவில் தனியாகத் தட்டி வைத்திருந்த தமிழ் நூற்பட்டியல் மட்டுமே.

அதன் பிறகுதான் ஒப்பந்தத் தாளை எடுத்து வாசித்தோம். ஒரு கணினியில் மட்டுமே பாவிக்கலாம், பிரதி எடுக்கக் கூடாது, உள்ளே என்ன இருக்கின்றது என்று ஆராயவோ மாற்றவோ கூடாது என்றெல்லாம் அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. எவரும் எம்மை ஏமாற்றவில்லை. கையெழுத்து வைத்த நாமே அதை வாசிக்கவில்லை.

உரிமம் என்றால் என்ன? லைசன்ஸ் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது சாரதி அனுமதிப்பத்திரம். அதை அரசாங்கம் தருகின்றது. மென்பொருள் உரிமத்தையோ அதனை ஆக்கியவரே தருகின்றார். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் நூல்களைப் போலவே பாதுகாக்கின்றது. எழுதிய கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு உண்டாகிவிடும். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே, இணையத்தில் ஒரு நிரல் கண்ணுக்குத் தெரிகின்றது என்பதற்காக அதை எடுத்துப் பாவிக்க எமக்கு உரிமை வந்துவிடாது. கேற் திறந்து கிடக்கின்றது என்பதற்காக அடுத்த வீட்டு வளவு எமதாகிவிடுமா? "இன்ன இன்ன செய்யலாம், இன்ன நிபந்தனையோடு செய்யலாம்" என்று உரிமையாளர் முற்கூட்டியே எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் அனுமதிதான் உரிமம்.

எமக்கு நேர்ந்த மாதிரி ஒரு சங்கடம் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்தில் பணியாற்றிய றிச்சர்ட் ஸ்ரோல்மனுக்கும் நேர்ந்தது. அங்கிருந்த அச்சு இயந்திரம் அடிக்கடி சிக்கிக் கொண்டது. அதைச் சமாளிக்க அதன் மென்பொருளைத் திருத்த விரும்பிய அவருக்கு மூல நிரல் மறுக்கப்பட்டது. 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமம் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1991இலும் மூன்றாம் பதிப்பு 2007இலும் வந்தன. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே படித்துத் தேவைக்கேற்ப மாற்றலாம், பிரதியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்னும் நான்கு சுதந்திரங்களே இதன் அடிப்படை. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் அங்கு பெரிய குழப்பம். தமிழில் எமக்கு இரண்டு சொற்கள் உள்ளன. "திறந்த மூலம்" என்ற ஆங்கிலப் பெயரை 1998இல் முன்மொழிந்தவர் கிறிஸ்ரின் பீற்றர்சன் என்ற பெண்மணி என்பதையும் இந்தச் சபையில் சொல்லாமல் விட மனமில்லை.

திறந்த மூல உரிமங்கள் பல இருந்தாலும் அவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரித்து விளங்கிக்கொள்ளலாம். எம்.ஐ.ரி., பி.எஸ்.டி., அப்பாச்சி ஆகியன முதலாவது குடும்பம். இவற்றின் பிரதான நிபந்தனை, ஆக்கியவரின் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காதே என்பதுதான். எடுத்தவர் அதை மூடிய மென்பொருளுக்குள் சேர்த்து விற்கவும் செய்யலாம். ஜி.பி.எல். இரண்டாவது குடும்பம். இது ஒரு படி மேலே செல்கின்றது. நீ பெற்றதை மாற்றிப் பிறருக்குக் கொடுப்பாயாயின், மூல நிரலோடு, உனக்குக் கிடைத்த அதே சுதந்திரங்களையும் சேர்த்துக் கொடு என்கின்றது. முதலாவது, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்ட கொடை. இரண்டாவது, கைமாறும்போதும் கொடையாகவே இருக்க வேண்டும் என்று கேட்கும் கொடை.

இதற்கு எமது நூலகத்திலேயே உதாரணம் இருக்கின்றது. இரண்டாம் முறை நாம் தெரிவு செய்தது கோஹா என்னும் மென்பொருள். நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலக நிதியத்தின் பழைய கணினி முறைமை 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நிலை வந்தபோது, 1999இல் அவர்கள் கற்றிப்போ என்ற நிறுவனத்தைக் கொண்டு புதிதாக ஒன்றை உருவாக்கினர். அதைத் தாமே வைத்துக்கொள்ளாமல் ஜி.பி.எல். உரிமத்தில் உலகுக்குக் கொடுத்தனர். கோஹா என்பது மயோரி மொழிச் சொல். விருந்துக்குப் போகின்றவர் கொண்டுசெல்லும் கொடை என்பது அதன் பொருள். பெற்றவர் பின்னர் திரும்பச் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு. எமது ஊரில் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வராதே, அதைப் போல.

ஆனால் நாம் வெறும் பாத்திரத்தைத்தான் கொடுத்தோம். கோஹாவில் சில திரைகளை எமது நூலகத்துக்கு ஏற்றவாறு மாற்றினோம். பாமினியில் இருந்த பட்டியலை யூனிகோட்டுக்கு மாற்ற, பழைய மாணவிகள் மூவர் சிறு நிரல் ஒன்றையும் எழுதினர். அயற் பாடசாலை ஒன்று கேட்டபோது எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். கொடுக்குமுன், நிரல்களின் தலைப்பிலிருந்த ஆக்கியோர் பெயர்களையும் உரிம வாசகத்தையும் அழித்துவிட்டு, "சகல உரிமைகளும் எமது கல்லூரிக்கே" என்று எழுதினோம். கல்லூரிக்குப் பெருமை சேர்ப்பதாகவே நினைத்தோம். பிறர் தந்த கொடைக்கு எமது பெயரைப் பூசியிருக்கின்றோம் என்பதை எமது தங்கை ஒருத்திதான் சுட்டிக்காட்டினாள்.

அவள் மேலும் இரண்டு பிழைகளைக் கண்டாள். நிரலிலிருந்த எழுத்து மாற்ற அட்டவணை, எந்த உரிமமும் குறிப்பிடப்படாத ஓரிடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதை நீக்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்து, ஒரு மாத காலத்தில் புதிதாக அமைத்தோம். அடுத்தது, நிரலை எழுதிய மூவரின் சம்மதத்தை நாம் கேட்கவேயில்லை. உரிமை அவர்களுக்குரியது, சங்கத்துக்கு அல்ல. மூவருக்கும் எழுதிச் சம்மதம் பெற்றோம். பின்னர் அயற் பாடசாலைக்கு நேரில் சென்று நடந்ததைச் சொல்லி, திருத்திய பிரதியைக் கொடுத்தோம்.

"இதெல்லாம் சும்மா மரியாதைக்குத்தானே, யார் வழக்குப் போடப் போகின்றார்கள்?" என்று சிலர் கேட்டனர். அமெரிக்காவில் பொம்மை ரயில் வண்டிகளை இயக்கும் மென்பொருளைப் பொழுதுபோக்காக எழுதியவர் ஒருவர், தம் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்கிப் பாவித்தவர் மீது வழக்குத் தொடுத்தார். இலவசமாகக் கொடுக்கப்பட்டதாயினும், உரிமத்தின் நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

சங்கத்தினர் அடிக்கடி கேட்கும் சில ஐயங்களுக்கும் பதில் சொல்லிவிடுகின்றோம். ஜி.பி.எல். மென்பொருளை விற்கலாம், வாங்கியவரின் சுதந்திரத்தைப் பறிக்க மட்டும் முடியாது. எமது கல்லூரிக்குள் மட்டும் மாற்றிப் பாவித்தால் எவருக்கும் நிரலைக் கொடுக்க வேண்டியதில்லை. வெளியே கொடுக்கும்போதுதான் அந்தக் கடமை பிறக்கின்றது. மாணவிகளின் விபரங்களோ நூற்பட்டியலோ பகிரங்கமாகிவிடாது. உரிமம் நிரலுக்கு மட்டுமே. இறுதியாக, இந்த உரிமங்கள் அனைத்தும் "உத்தரவாதம் எதுவும் இல்லை" என்றே கூறுகின்றன. ஆகவே மாதந்தோறும் காப்புப் பிரதி எடுப்பதும், பராமரிக்க ஆள் பயிற்றுவதும் எமது பொறுப்பு.

கொடை திறந்திருந்தால் என்ன பயன் என்பதற்கு எமது நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்வதற்காக இலங்கைத் தொண்டர்கள் சஹானா என்ற மென்பொருளை உருவாக்கினர். சஹானா என்றால் சிங்களத்தில் நிவாரணம். அது திறந்த மூலமாக இருந்தமையால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கும் பயன்பட்டது. விலை பேசவோ, அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கவோ எவருக்கும் நேரமில்லாத வேளை அது. உரிமம் முன்னரே எழுதப்பட்டிருந்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது.

இப்போது எமது எழுத்து மாற்று நிரல் பற்றிய தீர்மானம் உங்கள் முன் இருக்கின்றது. அது கோஹாவின் பகுதியல்ல, தனி நிரல். ஆகவே மூடி வைத்து விற்கவும் எமக்கு வழியுண்டு. நூலகக் கட்டட நிதிக்கு அந்தப் பணம் உதவும் என்று சொல்லும் அக்காமாரின் கவலை நியாயமானது. ஆயினும், பாமினியில் சிக்கிக் கிடக்கும் பட்டியல்கள் எத்தனையோ பாடசாலைகளில் இருக்கின்றன. அவர்களும் எம்மைப் போல ஒரு நாள் மூடிய கதவின் முன் நிற்க நாம் காரணமாக வேண்டாம். எழுதிய மூவரும் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிடவே விரும்புகின்றனர். பொதுக்கூட்டம் அதற்கு ஆதரவளிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.

இனிக் கல்லூரிக்கு எந்த மென்பொருளை அன்பளிப்புச் செய்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கொடுத்தவர் இல்லாமற் போனாலும் இது இயங்குமா? எமது பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா? அடுத்த பாடசாலைக்குக் கொடுக்கலாமா?

எமது பழைய நூற் பதிவேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் எதிரே "நன்கொடையாளர்" என்று ஒரு நிரை இருக்கின்றது. எத்தனை அதிபர்கள் மாறியும் அந்தப் பெயர்களை எவரும் அழிக்கவில்லை. நிரலின் தலைப்பிலுள்ள நாலு வரியும் அத்தகையதே. அதை வாசிக்கவும், அழியாமற் காக்கவும், எமது பெயரையும் அதன் கீழே சேர்த்து அடுத்தவருக்குக் கொடுக்கவும் பழகுவோம்.