மூன்றாம் மாடி: முதுமையும் வீடும் குறித்து ஒரு வழக்கு

இந்த அறக்கட்டளை, பெற்றோர் நினைவாகப் பிள்ளைகள் வைத்த நிதி. முதுமை பற்றிய ஆய்வுக்கே அது பயன்பட வேண்டும் என்று அவர்கள் விதித்திருக்கிறார்கள்.

வழக்கு

எனக்கும் இத்துறை நண்பர்கள் சிலருக்கும் நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. அவர்களில் பலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். கருத்தரங்குகளில் பாதி பேசி, மணி அடித்ததும் பாதியில் விட்ட வழக்கு. இன்று ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது, முழுதும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் கட்சி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூட்டுக்குடும்பம் சிதைந்தது, பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள், பெற்றவர்களுக்கு இருக்க இடமில்லாமல் போயிற்று, முதியோர் இல்லம் மேற்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. நாற்பது ஆண்டுகளாக ஆய்வேடுகளின் முதல் அத்தியாயம் இப்படித்தான் தொடங்குகிறது.

இதை நான் ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தார்கள் என்பதே நிறுவப்படாத செய்தி. ஏ.எம். ஷா குஜராத் சிற்றூர் ஒன்றின் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கணக்கை எடுத்து, வீடுகளில் பெரும்பாலானவை சிறியவையாகவே இருந்தன என்று 1973இலேயே காட்டிவிட்டார். ஆதரவற்றோருக்கான இல்லமும் நேற்று முளைத்ததன்று. சென்னை ராயபுரத்தில் 1782 பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டியாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் பிற்காலத்தில் கைவிடப்பட்ட முதியோரைத் தாங்கும் இடமாயிற்று.

குடும்பத்தை இவ்வளவு விசாரித்த நாம் வீட்டை விசாரிக்கவில்லை. நம் ஆய்வுப் படிவங்களில் “யாருடன் வசிக்கிறீர்கள்?” என்ற கேள்வி தவறாமல் இருக்கும். “எத்தனையாவது மாடியில்?” என்ற கேள்வி இருக்காது. என் வழக்கு முழுவதும் அந்த விடுபட்ட கேள்வியில்தான் இருக்கிறது.

மூன்றாம் மாடி

1961இல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் தோன்றியது. 1970இல் குடிசை மாற்று வாரியம். இவ்விரண்டும், பின்னர் தனியார் கட்டுநர்களும், நகரங்களில் தரைத்தளமும் மூன்று மாடியும் கொண்ட குடியிருப்புகளை வரிசை வரிசையாக எழுப்பினார்கள். லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் வைத்தால் விலை ஏறும், மின்கட்டணம் ஏறும், பழுது பார்க்க ஆள் வேண்டும். அன்றைய கணக்கில் அது நியாயமே. வாங்கியவர்களுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது. மூன்றாம் மாடியை விரும்பி வாங்கியவர்களும் உண்டு. விலை சற்றுக் குறைவு, காற்று வரும், வடகம் காயவைக்க மொட்டை மாடி பக்கத்தில், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராது. கீழே அடிபம்பில் தண்ணீர் அடித்து, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக ஏறிய பெண்கள் அவர்கள். அப்போது படி ஒரு பொருட்டே இல்லை.

ஒரு தளத்துக்கு 18 படி, சில இடங்களில் 20. மூன்றாம் மாடிக்கு 54 முதல் 60. முப்பத்தைந்து வயதில் வாங்கியவருக்கு இன்று எண்பது நெருங்குகிறது.

அதன்பின் நடப்பதை இத்தகைய குடியிருப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதலில் நிற்பது மாலை நேரக் கோயில். முழங்கால் வலி, நாளைக்குப் போகலாம் என்பார்கள். பிறகு காய்கறிக் கடை நிற்கிறது. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறங்குகிறது; கீரைக்காரம்மா அதில் கீரையை வைத்துச் சில்லறையை எடுத்துக்கொள்கிறார். அடுத்து மருத்துவரிடம் போவதே அரிதாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய சர்க்கரை ஆறு மாதமாகிறது. பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கிவரச் சொல்கிறார்கள். வாசலில் கோலம் போட்ட கை சமையலறைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. கல்யாண அழைப்பிதழ் வந்தால் முதல் கேள்வி, “மண்டபம் மாடியிலா?” என்பது. பேசப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தால் பாக்கியம். அவரும் மகன் வீட்டுக்குப் போய்விட்டால், அந்தத் தளத்தில் தொலைக்காட்சி ஒன்றுதான் துணை.

நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் 108 வண்டி வந்துவிடுகிறது. படி திரும்பும் இடத்தில் ஸ்டிரெச்சர் திரும்பாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்குகிறார்கள். அந்த நாலு பேர் கிடைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பது எந்த மருத்துவ அறிக்கையிலும் ஏறுவதில்லை. இறந்தவர்களுக்கும் விடுதலை இல்லை. ஃபிரீசர் பெட்டி மேலே ஏறாது. உடலைக் கீழே கொண்டுவந்து ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் வைத்துத்தான் உறவினர் மாலை போட வேண்டும்.

இப்போது நண்பர்களைக் கேட்கிறேன். இப்படி மாடியில் அடைபட்ட அம்மையார் ஒருவர் ஒருநாள் மகன் வீட்டுக்குப் போய்விடுகிறார். நம் படிவம் அதை “மகனுடன் வசிக்கிறார்” என்று குறித்துக்கொள்கிறது. நாம் அதற்குப் பாசம் என்றும் மரபு என்றும் விளக்கம் எழுதுகிறோம். மகன் வீட்டில் லிஃப்ட் இருந்தது என்பதை யாரும் எழுதவில்லை. அதே அம்மையார் முதியோர் இல்லத்துக்குப் போனால் மகனைக் குற்றவாளியாக்குகிறோம். இரண்டு இடத்திலும் அவரைக் கிளப்பியது படிக்கட்டு. சில ஆண்டுகளுக்கு முன்பே தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்திருந்தால், அவர் தம் தெருவிலேயே, தம் பால்காரரோடும் தம் மருந்துக் கடையோடும் இருந்திருப்பார்.

தரைத்தளத்து வீட்டை வாடகைக்கு எடுக்கலாமே என்பீர்கள். தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு வீடு தர உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். வீட்டில் சாவு நேர்ந்தால் அடுத்த குடித்தனம் வராது என்ற அச்சம் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. வெளிப்புறத்தில் லிஃப்ட் பொருத்தலாமே என்றால், தரைத்தளத்துக்காரர் “எனக்கு எதற்கு, நான் ஏன் பங்கு தர வேண்டும்?” என்கிறார். குடியிருப்போர் சங்கக் கூட்டம் அதோடு முடிகிறது.

சிங்கப்பூரிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய பழைய அடுக்குமாடிகளில் லிஃப்ட் இருந்தது. ஆனால் ஒன்று, ஐந்து, ஒன்பது என்று சில தளங்களில் மட்டுமே நின்றது. 2001இல் எல்லாத் தளங்களிலும் நிற்கும்படி மாற்றும் திட்டத்தைத் தொடங்கினார்கள். குடியிருப்போரில் முக்கால் பங்கினர் வாக்களித்து ஒப்ப வேண்டியிருந்தது. செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. வீட்டுக்காரர் பங்கு 3,000 சிங்கப்பூர் வெள்ளியைத் (டாலரை) தாண்டவில்லை. 2012இல் வீட்டுக்குள் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, சிறு சரிவுப்பாதை ஆகியவற்றுக்கும் மானியம் வந்தது. பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கும் சட்டம் உண்டு. அதை நம்பி அவர்கள் லிஃப்டை விட்டுவிடவில்லை.

நம்மிடம் இப்போது வந்திருப்பது இடித்துக் கட்டுவது. 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானத்துக்கு வழிசெய்கிறது. லிஃப்டோடு புதுவீடு கிடைக்கும், வரவேற்கிறேன். ஆனால் கட்டி முடிக்கும்வரை எண்பது வயதுக்காரர் எங்கே இருப்பார்? வாடகைப் பணம் தருவதாக ஒப்பந்தத்தில் இருக்கும். வீடு தர ஆள் வேண்டுமே. சாவி வாங்கும் நாளில் அவர் இருப்பாரா என்பதையும் யாரும் கேட்பதில்லை. அதே வளாகத்தில் ஒரு கட்டடத்தை முதலில் எழுப்பி, முதியோரை அதில் குடியேற்றிய பிறகே மற்றதை இடிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

குளியலறை

படிக்கட்டு வெளியே இருக்கும் ஆபத்து என்றால், வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து குளியலறை. பளபளக்கும் டைல்ஸ், அரை அடி உயர வாசற்படி, சக்கர நாற்காலி நுழையாத கதவு, பிடிக்க எதுவும் இல்லாத சுவர். அணுகல் வசதி பற்றிய நடுவண் அரசின் 2021 வழிகாட்டு நெறிகள் 900 மில்லிமீட்டர் கதவகலத்தையும் ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளமுள்ள சரிவையும் சொல்கின்றன. சாதாரணக் குடியிருப்பு கட்டுகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. இடுப்பெலும்பு முறிவுக்குப் பின்தான் பல வீடுகளில் கைப்பிடிக் கம்பி வருகிறது.

மூத்தோர் குடியிருப்புகள்

கோவையைச் சுற்றி மூத்தோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் பெருகியிருப்பதை அறிவீர்கள். சாப்பாட்டுக் கூடம், செவிலியர், நடைபாதை எல்லாம் உண்டு. அங்கே நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அவர்களைக் கைவிடப்பட்டவர்கள் என்று எழுதுவது தவறு. ஆனால் ஓய்வூதியமும் வெளிநாட்டுப் பிள்ளையும் உள்ளவர்களுக்கே அது எட்டும். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் கட்டடத்தைப் பார்க்கிறது. மாதக்கட்டணம் ஏறினால், மறதி நோய் வந்தால், துணைவர் இறந்தால் என்ன என்பதைப் பார்ப்பதில்லை. நடுவண் அரசு 2019இல் தந்த மாதிரி நெறிகள் அறிவுரையளவில்தான் நிற்கின்றன.

பத்திரம்

வீட்டைப் பிள்ளைக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்காக 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால்தான் பத்திரத்தை ரத்து செய்ய முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில் மற்றொரு தீர்ப்பில் பெற்றோருக்கு இணக்கமாக அப்பிரிவைத் தாராளமாக வாசித்தது. நீதிமன்றத்தை நம்பியிருக்க வேண்டாம். ஆயுள் முழுதும் அனுபவிக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை

நேரம் முடிகிறது, தலைப்புகளை மட்டும் சொல்கிறேன். வேலை முடிந்தால் வீடும் போய்விடும் தோட்டத் தொழிலாளரின் முதுமை: வால்பாறை, நீலகிரி, அண்மையில் மாஞ்சோலை. கலைஞரின் கனவு இல்லத் திட்ட வீட்டின் 360 சதுர அடியில் முதியவருக்கான கழிவறை எப்படி அமைகிறது என்பது. சென்னைப் பெரும்பாக்கத்தின் எட்டுத்தளக் கட்டடங்களில் லிஃப்ட் நிற்கும் நாட்களில் மேல்தளத்து முதியோர் என்ன செய்கிறார்கள் என்பது. வீட்டை ஈடுவைத்து மாதப்பணம் பெறும் தலைகீழ் அடமானம் 2008க்குப் பிறகும் மக்களிடம் ஏன் செல்லவில்லை என்பது. ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.

மக்கள்தொகைக் கணிப்புக் குழுவின் மதிப்பீட்டின்படி 2021இல் தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 13.6 விழுக்காடு, 2031இல் 18.2. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். எழுபது வயதைக் கடந்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் முதல் மாடிக்கு மேலே இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு, தளவாரியாக, நம் கையில் வேண்டும். இந்தத் துறை மாணவர்கள் இந்த நகரத்தின் ஒரு வார்டிலிருந்து, இந்த ஆண்டே, அதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எதிர்க்கட்சியில் இருக்கும் நண்பர்களும் அந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ள வேண்டும்.