ஜோராசாங்கோ மாளிகையும் பத்மா நதிக் குடிகளும்



1861ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியில், சம்டர் கோட்டையின் மீது பீரங்கிகள் முழங்கின. நான்காண்டுகள் நீடித்த உள்நாட்டுப் போர் அன்று தொடங்கியது. சரியாக இருபத்தைந்து நாட்கள் கழித்து, மே 7ஆம் நாள், கொல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே மகாகவி ரவீந்திரநாத தாகூர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் அந்தப் போர் எழுப்பிய ஒரு கேள்வி வங்கத்திலும் அப்போது எழுந்திருந்தது. வயலில் உழைப்பவன் தலைநிமிர்ந்து நின்றால், அவன் உழைப்பால் வாழ்ந்த பெருங்குடும்பத்தின் கதி என்ன என்பதே அக்கேள்வி.

அமெரிக்கத் தென்னாட்டில் பருத்தியும் புகையிலையும் விளைவித்த தோட்டக் குடும்பங்களின் செல்வம், அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. 1860இல் அங்கு ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள் இருந்தனர். 1865இல் போர் முடிந்தது; அடிமை முறையும் சட்டத்தால் ஒழிந்தது. மாளிகைகள் பல பாழடைந்தன. விடுதலை பெற்றோரோ சொந்த நிலமின்றி, பழைய முதலாளிகளின் நிலத்தையே வாரத்துக்கு உழுது, கடனில் கட்டுண்டனர். எனினும் அக்காலத்தைப் பற்றி உலகெங்கும் புகழ்பெற்ற கதைகளும் திரைப்படங்களும் பெரும்பாலும் மாளிகைத் தாழ்வாரத்தில் அமர்ந்தே பேசின. வயலில் நின்று பேசியவை சிலவே.

கொல்கத்தாவில் வாழும் நாமும் இந்நகரத்தின் பழைய மாளிகைகளைத் தாழ்வாரத்திலிருந்தே பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு மாளிகையையேனும் இரு பக்கமும் நின்று காண்போம். வங்கத்துக் குடியானவர் அடிமை அல்லர். அந்த வேற்றுமையை மறந்து ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் நிலத்துக்கு உடையவர் ஒருவரும் உழைப்பவர் மற்றொருவருமாக இருந்த கதை இரண்டுக்கும் பொது.

ரவீந்திரரின் பாட்டனார் துவாரகாநாதர் 1794இல் பிறந்தவர். ஜமீன்தார், வங்கி நடத்தியவர், வணிகர் எனப் பல முகங்கள் கொண்டவர். 1834இல் ஆங்கிலேயர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து கார்-தாகூர் கம்பெனியைத் தொடங்கினார். அவுரி, பட்டு, சர்க்கரை, ராணிகஞ்ச் நிலக்கரி ஆகிய யாவும் அவர் கையில் இருந்தன. கிழக்கு வங்கத்தில் பத்மா நதிப் பக்கத்திலும் ஒரிசாவிலும் ஜமீன்கள் இருந்தன. 1846இல் லண்டனில் அவர் காலமானார். ஈராண்டுக்குள் அவருடைய வங்கியும் கம்பெனியும் முறிந்தன.

அடுத்து நிகழ்ந்தது வங்கத்தில் இன்றும் பெருமையுடன் பேசப்படுவது. துவாரகாநாதர் தம் ஜமீன்களில் ஒரு பகுதியைக் கடன்காரர்கள் தீண்ட இயலாதவாறு அறக்கட்டு செய்து வைத்திருந்தார். மூத்த மகன் தேவேந்திரநாதரோ அதையும் கடனுக்காக எடுத்துக்கொள்ளுமாறு முன்வந்தார். அந்த நேர்மையைக் கண்ட கடன்காரர்கள் மனம் இளகிச் சொத்தைக் குடும்பத்தாரிடமே விட்டனர். பல்லாண்டுகளில் கடன் அடைக்கப்பட்டது. மகரிஷி என்னும் பெயருக்கு அவர் முற்றும் தகுதியுடையவரே. ஆயினும் ஒன்றை நாம் கேட்டாக வேண்டும். வணிகம் மூழ்கிய பின் அக்குடும்பத்துக்கு எஞ்சிய பெரிய வருவாய் குடிகள் செலுத்திய தீர்வையே. தந்தையின் கடனைத் தீர்த்த மைந்தனின் புகழில், பத்மா நதிக் கரையில் ஏர் பிடித்தவனுக்கும் பங்கு உண்டு. அவன் பெயர் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

அவன் நெடுங்காலம் பேசாதிருக்கவில்லை. 1859-60இல் நதியா, ஜெசூர் முதலிய மாவட்டங்களில் குடியானவர்கள் இனி அவுரி விதைப்பதில்லை என்று எழுந்தனர். வெள்ளைக்காரத் தோட்டக்காரர் கொடுத்த முன்பணம், தலைமுறைதோறும் தீராத கடனாக அவர்களைப் பிணித்திருந்தது. தீனபந்து மித்ரா எழுதிய ‘நீலதர்ப்பண்’ நாடகம் 1860இல் அத்துயரைக் காட்டியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861இல் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் பெற்றார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர் நினைவில் வைக்கத்தக்க வழக்கு இது. அபராதத்தை உடனே செலுத்தியவர் காளிபிரசன்ன சிங்கர் என்னும் இளைஞர். அவரும் ஜோராசாங்கோவின் ஜமீன் குடும்பத்தவரே.

அவுரி விஷயத்தில் அயலாரைக் குறை கூறுவது ஜமீன்தார்களுக்கு எளிதாயிருந்தது. 1873இல் அந்த வசதியும் போயிற்று. பாப்னா மாவட்டத்தில், தீர்வை உயர்வையும் சட்டத்துக்குப் புறம்பான வரிகளையும் எதிர்த்துக் குடியானவர்கள் சங்கம் கண்டனர். பணம் திரட்டி நீதிமன்றம் ஏறினர். அவர்கள் எதிர்த்த ஜமீன் குடும்பங்களுள் தாகூர் குடும்பமும் ஒன்று. பன்னிரண்டாண்டுகளுக்குப் பின், 1885இல், வங்காளக் குத்தகைச் சட்டம் பிறந்தது. மாளிகையின் கதையில் இந்த அத்தியாயம் அருகியே சொல்லப்படுகிறது.

அந்தச் சங்கம் எழுந்தபோது ரவீந்திரருக்குப் பன்னிரண்டு வயது. முப்பதை நெருங்கியபோது, அதே பாப்னாவின் ஷாஜாத்பூருக்கும், சிலைதா, பதிசார் ஆகிய ஊர்களுக்கும் ஜமீன் பொறுப்பாளராக அவர் சென்றார். தீர்வை வசூலிக்கச் சென்றவர் அம்மக்களின் வாழ்வைக் காணவும் கற்றார். ‘போஸ்ட்மாஸ்டர்’ என்னும் சிறுகதை ஷாஜாத்பூர் அனுபவத்தில் விளைந்தது. 1905இல் பதிசாரில் குடியானவர்களுக்காக ஒரு விவசாய வங்கி தொடங்கினார். நோபல் பரிசுத் தொகையின் பெரும் பகுதியையும் பின்னர் அதிலேயே இட்டார். கடன் நிவாரணச் சட்டம் வந்தபின், கொடுத்த கடன்கள் திரும்பவில்லை. பரிசுப் பணமும் கரைந்தது. பாட்டனார் வங்கி முறிந்தபோது மாளிகை கலங்கியது. பேரர் வங்கி முறிந்தபோதோ, அந்தப் பணம் ஓரளவேனும் வயலுக்குத் திரும்பியது எனலாம்.

1906இல் தம் மகன் ரதீந்திரநாதரை வேளாண்மை கற்க அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அப்பல்கலைக்கழகம், உள்நாட்டுப் போரின் நடுவே 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட நிலக்கொடைச் சட்டத்தின் பயனாக எழுந்தது. போர்க்காலத்துச் சட்டமொன்று, அரை நூற்றாண்டு செல்வதற்குள், வங்கத்து ஜமீன்தார் மகனுக்கு மண்ணின் இயல்பைக் கற்பித்தது.

இதற்கிடையே ஜமீன் பங்காளிகளிடையே பிரிந்தது. 1941இல் கவி மறைந்தார். 1946 ஆகஸ்டில் கொல்கத்தா வீதிகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டி மடிந்தனர். அடுத்த ஆண்டுப் பிரிவினையில், சிலைதாவும் ஷாஜாத்பூரும் பதிசாரும் எல்லைக்கு அப்பால் போயின. கிழக்கே 1950ஆம் ஆண்டுச் சட்டமும், மேற்கு வங்கத்தில் 1953ஆம் ஆண்டுச் சட்டமும் ஜமீன்தாரி முறையை முடித்தன. நம் தமிழகத்தில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை முடித்ததை இங்கு நினைவுகூரலாம். ஜோராசாங்கோ மாளிகை 1962இல் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகமாயிற்று.

1971இல் அந்தக் கிழக்கு மண்ணில் மீண்டும் போர் மூண்டது. உள்நாட்டுப் போராகத் தொடங்கி, விடுதலைப் போராக முடிந்தது. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். புதிதாய்ப் பிறந்த வங்கதேசம், ரவீந்திரர் 1905இல் இயற்றிய ஒரு பாட்டைத் தேசிய கீதமாக ஏற்றது. நிலத்தை இழந்த குடும்பத்தின் பாட்டு அந்த நிலத்துக்கே உரியதாயிற்று. அப்பாட்டின் மெட்டோ குடும்பத்தாருடையதன்று. சிலைதாப் பகுதியில் கடிதம் சுமந்து நடந்த ககன் ஹர்கரா என்னும் தபால்காரர் பாடிய பாட்டின் மெட்டு அது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்முள், காவிரிக் கரையில் நிலத்தை விற்றுவிட்டு வந்த மிராசுதார் பேரர்களும் உண்டு. உழுதும் நிலம் பெறாது ஊர்விட்டு வந்தவர்களின் மக்களும் உண்டு. லேக் மார்க்கெட்டில் அருகருகே நின்று முருங்கைக்காய் வாங்கும்போது இந்த வேற்றுமை தெரிவதில்லை. ஆனால் பழைய ஊர்க்கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அது தெரியும். நெல் மூட்டை வந்து இறங்கிய முற்றத்தைச் சொல்லுமிடத்து, அம்மூட்டையைச் சுமந்து வந்தவரின் பெயரும் நமக்குத் தெரிந்திருக்குமாயின் அதையும் சேர்த்துச் சொல்வோம். தெரியாவிடில், ஊரில் மூத்தோர் இருக்கும்போதே கேட்டறிவோம்.