பழைய எழுத்தும் புதுப் பெறுமதியும்

மருதானைச் சந்தியிலிருந்து சிறிது தூரம் நடப்பவர்க்கு இரண்டு காட்சிகள் கிடைக்கும். ஒன்று பஞ்சிகாவத்தை. ஓடிக் களைத்த மோட்டார் வாகனங்களின் உறுப்புகள் அங்கே விலைபோகின்றன. துருப்பிடித்த தகடு இரும்புக் குவியலுக்குப் போகின்றது. பழுதில்லாத பற்சில்லு துடைத்து எண்ணெயிடப்பட்டு, வேறொரு வண்டியில் ஏறி மறுபடியும் சுழலத் தொடங்குகின்றது. மற்றொன்று, முன்னாளில் மக்கலம் வீதி என வழங்கிய டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையின் ஓரத்துப் பழைய புத்தகக் கடைகள். ஒருவர் வீட்டிலிருந்து வேண்டாமென்று வெளியேறிய நூலை அங்கே இன்னொருவர் தேடிவந்து வாங்கிச் செல்கின்றார்.

இவ்விரு காட்சிகளும் உணர்த்தும் பாடம் ஒன்றே. பழையது என்ற காரணத்தால் ஒரு பொருள் பயனற்றதாகிவிடுவதில்லை. அதே காரணத்தால் அது நல்லதாகிவிடுவதும் இல்லை. தெரிந்தெடுக்கும் கண்ணும் துடைத்துப் பொருத்தும் கையும் வேண்டும்.

எழுத்துக்கும் இஃது ஒக்கும். நாளிதழ்க் கட்டுரைக்கு ஆயுள் ஒரு நாள். சஞ்சிகைக் கட்டுரைக்கு ஒரு மாதம். வானொலிப் பேச்சுக்கோ சில நிமிடங்களே. காலையில் படித்த தாள் மாலையில் கடலைச் சுருளாகிவிடுகின்றது. ஆனால் அதனை எழுதியவர் செலவிட்ட உழைப்பு ஒரு நாளைக்குரியது அன்று. அவ்வுழைப்பை மீண்டும் பயன்கொள்வது எவ்வாறு என்பதே இங்கு ஆராயத் தக்கது.

தமிழருக்கு இது புதிய முயற்சி அன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டிலே கிடந்த வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையரின் தன்வரலாறு 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றது. 1950 இல் அது நூலாக்கப்பட்டது. வாரந்தோறும் தனித்தனியே படித்தவர்கள் ஒரு மனிதரின் அனுபவங்களைக் கண்டார்கள்; ஒருங்கே படித்தவர்கள் ஒரு காலத்தின் கல்வி முறையையே கண்டார்கள். உதிரியாகக் கிடந்தவை ஒழுங்குபெற்றபோது, தனித்தனியே இல்லாத ஒரு பெறுமதி அவற்றுக்கு உண்டாயிற்று.

மருதானைக்கே உரிய சான்றும் ஒன்று உண்டு. கண்டியிலே பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். தம் சமூகத்தார் கல்வியில் முன்னேற வேண்டும் என்பது அவருடைய ஓயாத வற்புறுத்தல். பத்து ஆண்டுகள் கழித்து, 1892 இல், அவரும் வாப்பிச்சி மரைக்காரும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த அராபி பாஷாவும் சேர்ந்து முயன்றதன் பயனாக மருதானையிலே ஒரு கலாசாலை எழுந்தது. அதுவே பின்னர் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. அப்பத்திரிகை வெளிவந்த காலத்தில் அதன் பக்கங்கள் வாசகரைத் தூண்டுவதற்கு உதவின. இன்றோ அவை வரலாற்றாசிரியருக்குச் சான்றாக உதவுகின்றன. எழுதியவர் எண்ணியிராத பயனைக் காலம் எழுத்துக்குச் சேர்த்துவிடுகின்றது. ஆகவே, இன்று எதற்கு உதவும் என்று தோன்றாத காரணத்தால் ஒரு தாளை எறிந்துவிடுதல் அறிவுடைமை ஆகாது.

எனினும், பழைய எழுத்தை அப்படியே எடுத்து மறுபடியும் வழங்குவதில் ஆபத்து உண்டு. அதற்கு இலங்கையின் மலேரியா வரலாறே போதிய உதாரணம். 1934 இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. அக்குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. 1935 இல் நோய் தணிவதற்குள் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். பின்னர் டீ. டீ. ரீ. மருந்து தெளிக்கப்பட்டது. நோய் குறைந்து குறைந்து, 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. காவல் தளர்ந்தது. 1969 இலோ நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. நெடிய முயற்சியின் பின், 2016 இலேதான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றுபடுத்தியது.

இப்பொழுது, 1963 இன் கணக்கை வைத்து, மலேரியா ஒழிந்துவிட்டது என்று எழுதப்பட்ட ஒரு கட்டுரையைக் கற்பனை செய்து பார்க்கலாம். எழுதிய காலத்தில் அதன் எண்ணிக்கை உண்மை. ஆண்டைக் குறிப்பிடாமல் அதனையே 1969 இல் மறுபடியும் அச்சிட்டிருந்தால், அந்த உண்மையே கொடிய பொய்யாகியிருக்கும். ஓர் எழுத்தும் மாறவில்லை; காலம் மாறிவிட்டது. பழைய கட்டுரையின் தலையில் அது எழுதப்பட்ட ஆண்டைப் பொறித்தல் அலங்காரத்துக்காக அன்று, படிப்பவரின் பாதுகாப்புக்காக.

இன்னொரு பிழையும் நேரலாம். மலேரியாவைப் பற்றிய பழைய கட்டுரையிலே நோயின் பெயரை மாத்திரம் மாற்றி, டெங்குக் காய்ச்சலுக்குரிய அறிவுரையாக ஒருவர் வெளியிடுகின்றார் என்க. இரண்டையும் பரப்புவது நுளம்புதான். ஆயினும் ஒரே நுளம்பு அன்று. 1934 இல் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் ஆற்றுக் குட்டைகளிலே முட்டையிட்டது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ், வீட்டு முற்றத்துச் சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கும் நீரை நாடுகின்றது. முன்னையது இரவிலே கடிப்பது. பின்னையது பகலிலே கடிப்பது. பெயரை மாற்றிய கட்டுரையை நம்பியவர், ஆற்றங்கரையைக் காவல் செய்துகொண்டு, தம் முற்றத்துச் சிரட்டையை மறந்துவிடுவார். பெயரைப் புதுக்கினால் கட்டுரை புதிதாகிவிடாது. பொருளை ஆராய்ந்து புதுக்குதல் வேண்டும்.

அவ்வாறாயின் முறைதான் யாது? முதலாவது, தெரிவு. பழைய கோவையை எடுத்து ஒவ்வொரு கட்டுரையையும் மூன்றாக வகுக்கலாம்: இன்றும் அப்படியே நிற்பவை, திருத்தினால் நிற்பவை, அக்காலத்துச் சான்றாக மாத்திரம் நிற்பவை. மூன்றாம் வகையைத் திருத்தவே கூடாது. அதனுடைய பிழையுங்கூடச் சான்றுதான்.

இரண்டாவது, சரிபார்ப்பு. விலை, சட்டம், ஊரின் பெயர், மருத்துவ ஆலோசனை என்பவை விரைவில் மாறுபவை. இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, மாற்றிய இடத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுதல் நேர்மை.

மூன்றாவது, தொகுப்பு. ஒரே பொருளைப் பற்றிப் பல காலங்களில் எழுதப்பட்டவற்றை வரிசைப்படுத்தும்போது, இடையிலுள்ள வெற்றிடம் தானே தெரியும். அவ்வெற்றிடத்தை நிரப்ப எழுதப்படும் சில பக்கங்களே உதிரிகளை நூலாக்கும்.

நான்காவது, உருமாற்றம். கட்டுரை பேச்சாகலாம், பேச்சு பாடமாகலாம். ஆனால் கண்ணுக்காக எழுதிய நீண்ட வாக்கியத்தைக் காதுக்காகப் பிரித்து எழுதுதல் வேண்டும். வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், நேயருக்கு அந்த வசதி இல்லை.

ஐந்தாவது, உரிமை. பிறர் எழுத்தாயின் அவர் பெயரும் அனுமதியும் இன்றியமையாதவை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொதுவாக ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிலவுகின்றது.

இவை யாவும் தாள் எஞ்சியிருந்தால்தான் கைகூடும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அந்த இழப்பு புகட்டிய பாடம், ஒரே இடத்தில் ஒரே படியை வைத்திருத்தல் காப்பாகாது என்பதே. 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் மின்வருடி, உலகின் எந்த மூலையிலிருந்தும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கின்றது. ஊரறியாத ஒரு வாசிகசாலையின் மலருங்கூட அங்கே இடம்பெறத் தக்கது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ வீடுகளில், பரண்மேல் ஒரு பெட்டி இருக்கும். தந்தையார் வெட்டி ஒட்டிவைத்த பத்திரிகைத் துணுக்குகள், பாடசாலை மலர், ஓரம் பொடிந்த கையெழுத்துப் படிகள் அதிலே கிடக்கும். வீடு மாறும்போது அவை நிறைகணக்கிலே விற்கப்படுகின்றன. விற்பதற்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதை அதற்கென ஒதுக்கி, ஒவ்வொரு தாளிலும் யார் எழுதியது, எந்த ஆண்டு என்ற இரண்டையும் பென்சிலாற் குறித்துவைத்தாற் போதும். பற்சில்லைத் தகட்டினின்றும் பிரித்தெடுக்கும் வேலை அங்கே தொடங்கிவிடும். அதனைப் பொருத்தி ஓட்டப் பின்வருவோர் வருவர்.