பாப்ளர் நகரசபை சிறைக்குப் போன கதை

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நகரசபை பட்ஜெட்டைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டீர்கள். ரோடும் விளக்கும், குழாயும் சாக்கடையும் யார் பணத்தில் நடக்கின்றன, யார் தெருவுக்குப் போகின்றன என்பது நமக்கு அவசியம் தெரிய வேண்டிய விஷயம். ஆனால் பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாக எண்கள். வேலை முடிந்து களைத்து வந்தவனுக்குக் கண்ணைச் சுற்றும். ஆகவே இன்று எண்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நகரசபையின் வரலாற்றைச் சொல்கிறோம். அந்த நகரசபையின் கவுன்சிலர்கள் முப்பது பேர் ஜெயிலுக்குப் போனார்கள். கையூட்டு வாங்கியதற்காக அல்ல. அப்படிப் போகிறவர்களைப் பற்றிப் பேச நாம் இங்கே கூடவில்லை. ஏழைகளிடம் மேலும் வரி வசூலிக்க மாட்டோம் என்று சொன்னதற்காகப் போனார்கள்.

லண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள பகுதி பாப்ளர். அந்தக் காலத்தில் அது தனக்கென்று ஒரு நகரசபை உள்ள தனிப் பகுதி. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்காக 1806-இல் திறந்த துறைமுகம் அங்கேதான் இருந்தது. நம் நாட்டிலிருந்து வாரிக்கொண்டு போன சரக்கு இறங்கிய இடம். சரக்கை விற்றவன் மேற்கு லண்டனில் மாளிகை கட்டினான். மூட்டை சுமந்தவன் பாப்ளரில் ஒண்டுக் குடித்தனம் இருந்தான். துறைமுகத்தில் நிரந்தர வேலை கிடையாது. தினமும் காலையில் வாசலில் கூட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி கை காட்டியவன் உள்ளே போவான், மற்றவன் பசியோடு வீடு திரும்புவான். அறுவடை முடிந்த மாதங்களில் கூலிக்காகக் காத்து நிற்கும் நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1919 நவம்பரில் நகரசபைத் தேர்தல் வந்தது. 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி பிடித்தது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். துறைமுகத் தொழிலாளி, ரயில்வே தொழிலாளி, கூலியாள், குடும்பப் பெண்கள் இவர்களெல்லாம் கவுன்சிலர்கள். அவர்களில் சிலர் அடுத்த வருஷம் பிரிட்டனில் தோன்றிய கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார்கள்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. தொழிலாளிக்கு வீடு கட்டினார்கள். குளிக்கவும் துணி துவைக்கவும் பொது இடங்கள், நூல் நிலையம், மின்சாரம், க்ஷயரோகிகளுக்கு வைத்தியம், தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் பால் என்று வேலைகள் நடந்தன. 1920-இல் இன்னொன்றும் செய்தார்கள்: நகரசபை ஊழியர் எவருக்கும் வாரத்துக்கு 4 பவுனுக்குக் குறைந்து சம்பளம் கிடையாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். நூறு வருஷத்துக்கு முன்னால், தோழர்களே! இன்றும் நம் வயல்களில் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறாக இருக்கிறது.

சரி, இதற்கெல்லாம் பணம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அங்கே நகரசபை வரி என்பது வீட்டின் வருஷ வாடகை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டது. மதிப்பில் ஒரு பவுனுக்கு இத்தனை பென்னி என்று போடுவார்கள். நமக்கும் இது புதிதல்ல. 1920-ஆம் வருஷத்துச் சென்னை ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டப்படி நம் ஊர்களில் போட்ட சொத்து வரியும் இதே வாடகை மதிப்புக் கணக்குத்தான். வெள்ளைக்காரன் தன் ஊரிலிருந்து கொண்டுவந்தது. மாளிகைகளும் பெரிய கடைகளும் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் பவுனுக்கு ஒரு பென்னி போட்டால் கிடைக்கும் தொகையில், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பாப்ளரில் அதே ஒரு பென்னிக்குக் கிடைத்தது. குடிசைக்கு என்ன மதிப்பு வரும்?

வரவு இப்படி. செலவோ நேர்மாறு. யுத்தம் முடிந்து, 1920 கடைசியில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அன்றைய சட்டப்படி வேலையில்லாதவனுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியது அந்தந்தப் பகுதியின் பொறுப்பு. வேலையில்லாதவன் எங்கே இருப்பான்? பாப்ளரில்தான். வெஸ்ட்மின்ஸ்டர் சீமான் வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு யாரும் நிவாரணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆகப் பணக்காரப் பகுதியில் வரி குறைவு, ஏழைப் பகுதியில் வரி அதிகம். ஏழைக்கு ஏழையே சோறு போட வேண்டும். வரி வீட்டுக்காரன் தலையில் விழுகிறது என்று நினைக்காதீர்கள். அவன் அதை வாடகையில் ஏற்றிக் குடியிருப்பவனிடம் வாங்கிக்கொள்வான்.

இத்துடன் இன்னொரு பாரமும் உண்டு. லண்டன் கவுண்டி கவுன்சில், போலீஸ், ஆஸ்பத்திரி போர்டு, தண்ணீர் போர்டு ஆகிய நாலு மேல் ஸ்தாபனங்களுக்கும் பாப்ளர் நகரசபையே வரி வசூலித்துக் கட்ட வேண்டும். 1921 மார்ச்சில் கவுன்சிலர்கள் கூடி யோசித்தார்கள். முழு வரியையும் போட்டால் வேலையில்லாதவன் வீட்டுச் சட்டியையும் ஜப்தி செய்ய வேண்டிவரும். நிவாரணத்தை வெட்டினால் பட்டினி. ஊழியர் சம்பளத்தை வெட்டினால் துரோகம். மூன்றும் வேண்டாமென்று, மேலே கட்ட வேண்டிய பணத்துக்கு வரி போட மறுத்துவிட்டார்கள். லண்டன் முழுவதும் ஏழைகளைக் காக்கும் செலவைச் சமமாகப் பங்கிட்டுக்கொள். அதற்குப் பிறகு கட்டுகிறோம் என்றார்கள்.

மேலிடம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1921 ஜூலை 29-இல் கவுன்சிலர்கள் பாப்ளரிலிருந்து ஹைகோர்ட்டுக்கு ஏறக்குறைய ஐந்து மைல் நடந்தே போனார்கள். மேயரின் செங்கோல் முன்னே, பாண்டு வாத்தியம், பின்னால் ஜனங்கள். கோர்ட்டுக்குப் போகிறோம், சிறைக்கும் போக நேரலாம் என்று கொடியிலேயே எழுதியிருந்தார்கள். பணத்தைக் கட்டு என்றது கோர்ட்டு. அவர்கள் கட்டவில்லை. செப்டம்பர் ஆரம்பத்தில் ஒவ்வொருவராகக் கைது செய்யப்பட்டார்கள். ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறையில். பெண்கள் ஐவர் ஹாலோவே சிறையில். அந்த ஐவரில் நெல்லி கிரெஸால் நிறை கர்ப்பிணி. சிறைக்குள் குழந்தை பிறந்தால் ஊர் சிரிக்குமே என்று பயந்து, அவரை முன்னதாகவே வெளியே விட்டார்கள்.

உள்ளே போனவர்கள் ஓயவில்லை. சிறைக்குள்ளேயே நகரசபைக் கூட்டம் நடத்த வேண்டுமென்று போராடி அனுமதி வாங்கினார்கள். பெண் கவுன்சிலர்களை ஹாலோவேயிலிருந்து வண்டியில் அழைத்து வந்தார்கள். சிறைக்குள் உட்கார்ந்து ரோடு, விளக்கு விவகாரம் பார்த்த நகரசபை உலகத்தில் வேறு எங்கே உண்டு? வெளியே ஜனங்கள் திரண்டு வந்து பாடினார்கள். லான்ஸ்பரி ஜன்னல் கம்பி வழியே அவர்களோடு பேசினார். பக்கத்துப் பகுதிகளான பெத்னல் கிரீனும் ஸ்டெப்னியும் நாங்களும் இதே வழியில் இறங்குகிறோமென்று தீர்மானம் போட்டன. அப்போதுதான் சர்க்காருக்கு உறைத்தது.

எல்லோரும் கூட நின்றார்கள் என்று சொல்ல முடியாது. தொழிற்கட்சித் தலைவர்களிலேயே சிலர், சட்டத்தை மீறினால் மரியாதை போகும், அடுத்த தேர்தலில் ஓட்டுப் போகும் என்றார்கள். ஹாக்னி மேயராக இருந்த ஹெர்பர்ட் மாரிஸன் அவர்களில் முக்கியமானவர். மரியாதைக்காரர்களின் பேச்சை நாமும் கேட்டதுண்டு.

அக்டோபர் 12-இல் எல்லோரும் விடுதலையானார்கள். பணம் கட்டாமலே வந்தார்கள்! அடுத்த மாதமே பார்லிமெண்டில் சட்டம் வந்தது. வேலையில்லாதோர் நிவாரணச் செலவை லண்டன் முழுவதற்குமான பொது நிதியிலிருந்து கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று. பணக்காரப் பகுதிகளின் வரி ஏறியது, பாப்ளரின் வரி இறங்கியது. அப்போது இந்த இலாகாவுக்கு மந்திரி யார் தெரியுமா? ஆல்பிரட் மாண்ட், பெரிய ரசாயன ஆலை முதலாளி. இரக்கம் பிறந்து அவர் செய்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விலையும் கொடுத்தார்கள். சிறைக்குப் போன மின்னி லான்ஸ்பரி, லான்ஸ்பரியின் மருமகள், கம்யூனிஸ்ட். 1922 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். வயது 32. சம்பளத்தையும் விட்டுவைக்கவில்லை. விலைவாசி இறங்கிய பிறகும் 4 பவுன் கொடுத்தது அதிகமென்று கணக்குத் தணிக்கையாளர் கவுன்சிலர்கள் தலையிலேயே 5,000 பவுன் தண்டம் போட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1925-இல் பிரபுக்கள் தணிக்கையாளர் பக்கமே தீர்ப்பளித்தார்கள். சோஷலிஸ்ட் தர்ம சிந்தனையும், ஆணையும் பெண்ணையும் சமமாக்கும் ஆசையும் கவுன்சிலர்களை வழிதவற வைத்தன என்பது ஒரு நீதிபதியின் கருத்து. குற்றச்சாட்டா, நற்சாட்சிப் பத்திரமா, நீங்களே சொல்லுங்கள்.

இனி நம் வேலை. அடுத்த கூட்டத்துக்குள் நம் நகரசபை பட்ஜெட்டின் ஒரு பிரதியைக் கவுன்சிலரிடம் கேட்டு வாங்க வேண்டும். மூன்று விஷயம் மட்டும் பார்ப்போம்: எந்த வார்டுக்கு எவ்வளவு ரோடு, துப்புரவுத் தொழிலாளரில் நிரந்தரம் எத்தனை பேர், காண்டிராக்ட் எத்தனை பேர், சொத்து வரியில் பெரிய கட்டிடங்கள் வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு. கிராமத்துத் தோழர்களுக்கு வழி இன்னும் நேரானது. மே முதல் தேதி கிராம சபை கூடும். பஞ்சாயத்து வரவு செலவு அங்கே வந்தாக வேண்டும். வேலைக்குப் போகிற பெண்களும் வரும்படி நேரத்தைச் சொல்லி, முன்கூட்டியே ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள்.