நாலாம் நாள் வந்த வலி
(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் ஆற்றிய உரை)



கட்டட வேலை செய்யும் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஞானப்பல் சாய்ந்து முளைத்து, தாடை வீங்கி, நமது பல் பிரிவுக்கு வந்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நான் அவருக்காக ஜெபித்து அனுப்பிவைத்தேன். நாலாம் நாள், காதுவரை தெறிக்கும் வலியோடு திரும்பி வந்தார்.

பல் எடுத்த குழியில் இரத்தம் உறைந்து நிற்கும். அது தேவனே போடும் கட்டு. அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் அது மூடிக் காக்கிறது. அதைப் பற்றிக்கொண்டுதான் புதுச் சதை வளருகிறது. அது பெயர்ந்துபோனால் எலும்பு திறந்து கிடக்கும். இதைத்தான் டாக்டர்கள் 'டிரை சாக்கெட்' என்கிறார்கள்.

ஆகவே அவர்கள் சொல்லும் புத்திமதி எளிது. வைத்த பஞ்சை அரைமணி நேரமாவது அழுத்திக் கடிக்கவேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவும் காறித் துப்பவும் கூடாது. அதன்பின் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக்கூடாது. பீடி, சிகரெட், புகையிலை ஆகவே ஆகாது. ஆறிய கஞ்சியும் குழைந்த ரசஞ்சோறும் போதும். சில நாள் பாரம் தூக்காமல் இளைப்பாறவேண்டும். வலி குறையாமல் கூடினால் உடனே வரவேண்டும்.

"தம்பி, இதையெல்லாம் உனக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்க ஐயா. மறுநாளே கலவை சுமக்கப் போயிட்டேன். போகலேன்னா வீட்டுல அடுப்பு எரியாது. பசிக்கு ரெண்டு பீடி குடிச்சேன்" என்றார்.

அன்பானவர்களே, அன்று நான் வெட்கப்பட்டேன். அவருக்காக ஜெபித்தேன், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்கவில்லை. சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் தந்தது உறக்கமும், சுட்ட அடையும், தண்ணீருமே அல்லவா?

டாக்டரம்மா குழியைக் கழுவி, உள்ளே மருந்து வைத்தார். அன்றிரவு தம்பி தூங்கினார். வீட்டுக்குப் போகும்போது, ஏழை நோயாளர் நிதியிலிருந்து ஒரு வாரத்து அரிசியும் பஸ் கட்டணமும் கொடுத்தோம். இப்போது ஜெபிக்குமுன்னே, "எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியும்?" என்று கேட்டுவிடுகிறேன்.

உங்கள் காணிக்கை கத்திக்கும் மருந்துக்கும் மாத்திரமல்ல, அந்தச் சில நாள் இளைப்பாறுதலுக்கும் உதவுகிறது. தேவன் போட்ட கட்டு அவிழாமல் காப்பது நம்முடைய பங்கு. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.